பாலர் கைப்பணியும் அறிவு வளர்ச்சியும்

(எமது மன்றத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



இம்மேடையிலே மொழியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் சமுதாயத்தைப் பற்றியும் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சிறு பிள்ளைகளின் கைப்பணி. மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பாலர் களிமண்ணையும் ஓலையையும் கடதாசியையும் நிறங்களையும் கொண்டு செய்யத்தக்க எளிய வேலைகள் எவை, அவற்றாலே விளையும் பயன் யாது என்பன பற்றிச் சிறிது பேச விரும்புகின்றோம். இதுவும் ஒரு பொருளோ என்று சிலர் எண்ணக்கூடும். இன்னும் இருபது ஆண்டுகள் கழிந்தபின் இம்மண்டபத்திலே இந்த நாற்காலிகளில் அமரப்போகின்றவர்கள் அந்தப் பாலரே. ஆதலின் பொருள் சிறிதன்று.

அண்மையிலே பெரியவர் ஒருவர் எம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். "தம்பி, எழுத்தும் எண்ணும் பழகட்டும் என்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், அங்கே மண் பிசைய விடுகிறார்களாம். மண் பிசையவோ காசு கட்டுகிறோம்?" என்றார். அவர் கூற்றில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை என்னும் மலையொன்று பிள்ளைகளின் முன் நிற்கின்றது. அதனைத் தாண்டினாற்றான் நல்ல பாடசாலை, நல்ல பாடசாலை கிடைத்தாற்றான் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகம் புகுந்தாற்றான் உத்தியோகம் என்று பெற்றோர் கணக்கிடுகின்றனர். ஆகவே மூன்று வயதிலேயே பென்சிலைக் கையிற் கொடுத்து விடுகின்றனர். அப்பெரியவருக்கு அன்று நாம் சுருக்கமாகச் சொன்ன விடையையே இன்று விரித்துச் சொல்கின்றோம்.

எழுத்துக்கு முன் எழுவது கை

குழந்தை முதலிலே உள்ளங்கையாற் பொருளைப் பற்றுகின்றது. பின்னர்ப் பெருவிரலும் சுட்டுவிரலும் கூடிச் சிறு பொருளை எடுக்கப் பழகுகின்றன. இரண்டு வயதளவிலே கிடைத்த கரித்துண்டைக் கொண்டு சுவரெல்லாம் கிறுக்குகின்றது. மூன்று வயதளவிலே அக்கிறுக்கல் வட்டமாகின்றது. நான்கு வயதளவிலே சிலுவைக்கோடும் சதுரமும் கைவருகின்றன. முக்கோணம் பெரும்பாலும் ஐந்து வயதளவிலேதான் அமையும். மனிதனை வரையச் சொன்னால், பாலர் முதலிலே பெரிய தலை ஒன்றை வரைந்து, அதிலிருந்தே இரண்டு கால்களைத் தொங்கவிடுவர், உடம்பு இராது. எந்தத் தேசத்துப் பிள்ளையானாலும் ஏறக்குறைய இவ்வாறே தொடங்குகின்றது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. இது பிழையன்று, வளர்ச்சியின் ஒரு படி.

இனி, தமிழெழுத்தை நோக்குங்கள். 'அ' என்னும் எழுத்திலே வளைவும் சுழியும் கோடும் எத்தனை! முக்கோணமே அமையாத கைக்கு அகரத்தைத் திணிப்பது, தவழும் பிள்ளையை ஓடச் சொல்வதை ஒக்கும். களிமண் பிசைகின்ற பிள்ளையின் விரல்கள் உரம் பெறுகின்றன. கடதாசியைக் கிழிக்கின்ற பிள்ளை இரு கைகளையும் வெவ்வேறு திசையில் இயக்கப் பழகுகின்றது. ஊசியில்லாமல் நூலிலே பூக்கோக்கின்ற பிள்ளையின் கண்ணும் கையும் ஒன்றுபடுகின்றன. பென்சில் பிடிப்பதற்கு வேண்டியன இவைதாமே! ஆதலின் மண் பிசைவது எழுத்துக்குப் பகையன்று. எழுத்துக்கு முதற்பாடம் அதுவே.

இதனை எம் முன்னோர் அறியாதவரல்லர். விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது, தட்டிலே அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து அதன்மேல் எழுதுவிக்கின்றோம். திண்ணைப் பள்ளிக்கூடத்திலே மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கினர். இத்தாலி தேசத்து மரியா மொண்டிசோரி அம்மையார், உரோமாபுரியிலே ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியொன்றில் 1907-ஆம் ஆண்டு பாலர் இல்லம் ஒன்றைத் தொடங்கியபோது, எழுத்துக்களை உரைகடதாசியில் வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். அரிசித் தட்டுக்கும் அந்த உரைகடதாசிக்கும் அடிப்படை ஒன்றே. வேறுபாடு யாதெனில், அவர் அதனை நாள்தோறும் செய்வித்தார். நாமோ ஆண்டிலே ஒரு நாள் சடங்காகச் செய்து முடித்துவிடுகின்றோம்.

உலகம் கண்ட வழி

பாலர் கைப்பணியை ஒரு கல்வி முறையாக வகுத்தவர் செருமனி தேசத்துப் பிரடெரிக்கு புரோபெல் என்பவர். 1782 முதல் 1852 வரை வாழ்ந்த இவர், 1840-ஆம் ஆண்டு தமது பாலர் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டின்', அஃதாவது சிறுவர் பூங்கா, என்று பெயரிட்டார். கம்பளி நூலாலான ஆறு நிறப் பந்துகள், மரத்தாலான உருண்டையும் கனசதுரமும், எட்டுத் துண்டாகப் பிரியும் கனசதுரம் என்று படிப்படியாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கடதாசி மடித்தலும் நெய்தலும் மண்ணால் உருச்செய்தலும் அவர் பள்ளியிலே பாடங்கள்.

இதன் பயன் எங்கெங்கே சென்றது என்று பாருங்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்கு லொயிட்டு ரைட்டு என்பவரின் தாயார், 1876-ஆம் ஆண்டு பிலடெல்பியாக் கண்காட்சியிலே புரோபெலின் கட்டைகளைக் கண்டு தம் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். பேர்பெற்ற கட்டடங்களை எழுப்பிய பின்னரும், அக்கட்டைகள் தம் விரல்களிலே நிலைத்துவிட்டன என்ற கருத்தை அவர் கூறி வந்தார். எமக்கு இன்னும் அண்மையிலே ஒரு சான்று உண்டு. சென்னையிலே சுந்தரராவ் என்னும் கணித அறிஞர், புரோபெல் முறையிலுள்ள கடதாசி மடித்தலைக் கண்டு, அதனாலேயே கேத்திர கணிதம் கற்பிக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி 1893-ஆம் ஆண்டு வெளியிட்டார். அந்நூலைச் செருமனிக் கணித மேதை பீலிக்சு கிளைன் எடுத்துப் பேச, அது உலகெங்கும் பரவிற்று. பாலர் விளையாட்டாகத் தொடங்கியது பெரியோர் கணிதமாய் முடிந்தது.

மொண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944-இல் எமது இலங்கைக்கும் வந்தார். காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டு வார்தாவிலே வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்திலே, கைத்தொழில் ஒன்றை நடுவாக வைத்து அதனைச் சுற்றியே ஏனைய பாடங்களைக் கற்பிக்கவேண்டுமென்றார். கவி தாகூர் சாந்திநிகேதனத்திலே மரநிழலைப் பள்ளியாக்கிச் சித்திரத்துக்கும் கைப்பணிக்கும் இடங்கொடுத்தார். 1934-இல் இலங்கைக்கு வந்து, ஒறணையிலே சிறீபாலி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

மேல்நாட்டார் வழி எமக்கு எதற்கு என்று கேட்போரும் உளர். நாம் மிசன் பாடசாலையொன்றிலே பயின்றோம். அங்கே பாலர் வகுப்பிலே துளையிட்ட அட்டையில் நூல்கோப்பதும் கடதாசிப் பாய் நெய்வதும் எமக்குக் கிடைத்த முதற் பாடங்கள். நல்லதை எங்கே கண்டாலும் எடுத்து எமக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம் என்பதற்கு நாவலர் பெருமானே வழிகாட்டி. மிசன் பாடசாலையிலே கற்றும் கற்பித்தும் பெற்ற அனுபவத்தைக் கொண்டே அவர் 1848-இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாலர்க்குப் பாடநூலும் எழுதி அச்சிட்டார். முறை எங்கிருந்து வந்தால் என்ன? பொருள் எம் வளவிலே கிடக்கின்றது.

வளவிலே கிடக்கும் பாடங்கள்

இனி, செய்யத்தக்க வேலைகளை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது களிமண். குளத்து மண்ணைக் கல்லும் வேரும் நீக்கி, நீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைத்தால் பல நாளைக்குப் போதும். மூன்று வயதுப் பிள்ளை உருண்டை உருட்டும், பாம்பு திரிக்கும், தட்டையாகத் தட்டும். ஐந்து வயதுப் பிள்ளை உருண்டையின் நடுவே பெருவிரலை அழுத்திச் சுற்றிச் சுற்றிக் கிண்ணமாக்கும். கிண்ணத்தின் விளிம்பை ஓரிடத்திற் கிள்ளி இழுத்தால் சிட்டி விளக்காகிவிடும். கார்த்திகை விளக்கீட்டுக்குப் பிள்ளை தானே செய்த சிட்டியைப் பெரியவர் முன்னிலையில் ஏற்றலாம். அப்பொழுது, சுடாத மண் எண்ணெயை உறிஞ்சுவதைப் பிள்ளை காணும். "கடையில் வாங்கிய சட்டி ஏன் இப்படி உறிஞ்சவில்லை?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை சூளையிலே இருக்கின்றது. மொத்தமாகச் செய்த உரு வெயிலிலே வெடிக்கும், மெல்லியது வெடிக்காது. வெளிப்புறம் முந்திக் காய்ந்து சுருங்க உட்புறம் ஈரமாய் நிற்பதே அதற்குக் காரணம். விஞ்ஞான பாடம் புத்தகத்திலே தொடங்குமுன் பிள்ளையின் கையிலேயே தொடங்கிவிடுகின்றது.

இரண்டாவது ஓலை. பனையின் பயன்கள் 801 எனத் 'தால விலாசம்' என்னும் நூல் கூறும். அவற்றிலே பாலருக்குரியன சிலவற்றை மட்டும் சொல்வோம். தென்னோலையால் மணிக்கூடு, மூக்குக்கண்ணாடி, பாம்பு, பந்து ஆகியன செய்யலாம். பனையோலைத் துண்டிரண்டைக் குறுக்கே கோத்து முள்ளிலே குத்தினாற் காற்றாடி. குரும்பட்டியும் ஈர்க்கும் கிடைத்தால் தேர். பூவரசமிலையைச் சுருட்டினாற் குழல். இவற்றை எம் பாட்டன்மார் எவரிடமும் காசு கட்டிப் பழகவில்லை.

ஓலை நெய்தலை ஐந்து வயதளவிலே தொடங்கலாம். முதலிலே அகலமான வார்களைக் கொடுக்கவேண்டும். 'ஒன்று மேல், ஒன்று கீழ்' என்று வாயாற் சொல்லிக்கொண்டே கோக்கவேண்டும். அடுத்த வரியிலே 'ஒன்று கீழ், ஒன்று மேல்.' இவ்வாறு இருநிற வார்களைக் கோத்தவுடன் சதுரங்கப் பலகை போன்ற கோலம் எழும். 'இரண்டு மேல், இரண்டு கீழ்' என மாற்றினால் வேறொரு கோலம். ஒற்றை இரட்டை என்பதும், ஒழுங்கு என்பதும், ஓரிடத்தில் தவறினால் முழு வரியும் மாறும் என்பதும் விரல்வழியே மனத்தில் ஏறும். எட்டு வயதுப் பிள்ளை சிறு குட்டானோ கொட்டப்பெட்டியோ இழைக்கப் பழகலாம். தோரணம் மடிப்பதையும் இந்த வயதிலேயே காட்டலாம். மங்கலத் தோரணத்துக்கும் அமங்கலத் தோரணத்துக்கும் மடிப்பிலே வேறுபாடு உண்டென்பதை இன்று எம்போன்ற இளைஞரிற் பலர் அறியார். தோரணம் கட்டவேண்டிய நாளிலே ஒரு முதியவரைத் தேடி ஓடுகின்றோம்.

மூன்றாவது கடதாசி. பழைய பத்திரிகைத் தாளே போதும். நீள்சதுரத் தாளின் ஒரு மூலையை எதிர்விளிம்போடு பொருத்தி மடித்து, மிச்சத்தை வெட்டினாற் சதுரம் கிடைக்கும். சதுரத்தை ஒருமுறை மடித்தால் அரை. இருமுறை மடித்தாற் கால். மும்முறை மடித்தால் அரைக்கால். ஒரு பிள்ளைக்குச் சதுரத்தை நடுவே மடித்து அரையாக்கிக் காட்டுங்கள். மற்றொரு பிள்ளைக்கு மூலைக்கு மூலை மடித்து முக்கோண அரையாக்கிக் காட்டுங்கள். "எது பெரிது?" என்று கேளுங்கள். இரு பிள்ளைகளும் வாதாடுவர். முடிவிலே வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, இரண்டும் சமமே என்று தாமாகவே காண்பர். பின்னம் கண்டு அஞ்சும் பிள்ளைகள் பலரை நாம் அறிவோம். அவர்கள் கடதாசி மடித்திருந்தால் அந்த அச்சம் பெரிதும் குறைந்திருக்கும்.

நான்காவது நிறமும் அச்சும். கடைச்சாயம் வேண்டியதில்லை. மஞ்சள், பீற்றூட், செவ்வரத்தம்பூ, நீலக் காக்கணவன் பூ, அடுப்புக்கரி ஆகியவை போதும். காக்கணவன் பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீல நீர். அதிலே தேசிக்காய்ப் புளி சில துளி விட்டால் ஊதாவாகும். மஞ்சள் தடவிய கடதாசியிலே சுண்ணாம்பு நீர் பட்டாற் சிவக்கும். தேசிப்புளி பட்டால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளும் சுண்ணாம்பும் கூடித்தான் குங்குமம் என்று பாட்டி சொல்வாள். அமிலம், காரம் என்று பின்னர் ஆசிரியர் சொல்வார். இரண்டும் ஒன்றென்று பிள்ளை அறியும். சுண்ணாம்பை மட்டும் பெரியவரே கையாளவேண்டும்; அது கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துப் பதித்தாற் பூப்போன்ற அச்சு விழும். அதன் இதழ்கள் பெரும்பாலும் ஐந்து. ஆறு இதழுள்ளதைக் கண்டெடுத்த பிள்ளையின் மகிழ்ச்சியைப் பார்க்கவேண்டும்! வாழைமட்டையை வெட்டிப் பதித்தாற் சிறு சிறு அறைகள் தோன்றும். அவற்றிலே காற்று நிறைந்திருப்பதாலேதான் வாழைமட்டை நீரில் மிதக்கின்றது.

ஐந்தாவது கோலம். ஒரு புள்ளி, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று வைத்தால் 13 புள்ளிகள். எண்ணி வைப்பது கணக்கு. இடைவெளி ஒத்து வைப்பது அளவை. இடப்பக்கத்தில் வளைத்தவாறே வலப்பக்கத்திலும் வளைப்பது சமச்சீர். முற்றத்துக் கோலத்தினுள்ளே இலக்கண விதிகள் போன்ற ஒழுங்கு உண்டென்பதை 1970-களிலே சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிவ்ற் சிரோமணியும் அவர்தம் துணையினரும் கணினி இயலோடு இணைத்து ஆராய்ந்து காட்டினர். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. ஆண்பிள்ளைகளும் கோலம் போடட்டும், கை தேய்ந்துவிடாது.

ஆறாவது பட்டம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே எழும் பட்டங்களைக் காணாதவர் ஒருமுறை சென்று காணவேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஈர்க்கும் மெல்லிய கடதாசியும் கோதுமைமாப் பசையும் போதும். ஒருபக்கம் பாரம் கூடினாற் பட்டம் குத்தி விழும். முச்சை பிழைத்தால் ஏறாது. வால் குறைந்தாற் சுழலும். இங்கே ஆசிரியரின் சிவப்பு மையே வேண்டாம்; காற்றே திருத்திக் கொடுக்கும்.

ஒரு சிறு எச்சரிக்கை. விதைகளைக் கோத்து மாலை செய்விக்கும்போது குன்றிமணி, ஆமணக்கு, அலரி ஆகியவற்றின் விதைகளை முற்றாக விலக்கிவிடுங்கள். இவை கொடிய நஞ்சு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையிலே எந்தச் சிறு விதையையுமே கொடுக்கலாகாது, மூச்சுக்குழாயில் அடைத்துவிடும். கத்தரிக்கோல் முனை மழுங்கியதாய் இருக்கவேண்டும்.

பழக்கும் முறை

வேலையைவிட அதனைப் பழக்கும் முறையே முக்கியமானது. கடந்த ஆண்டு பாலர் கண்காட்சி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மேசை நிறைய அழகிய பொருள்கள். மினுக்குக் கடதாசி ஒட்டிய வீடு, பஞ்சாலான முயல், கடையில் விற்கும் பொதியிலிருந்து எடுத்துப் பொருத்திய விமானம். பக்கத்திலே நின்ற சிறுமியிடம், "இதில் எது உன்னுடையது?" என்று கேட்டோம். அவள் தாயின் முகத்தை நோக்கினாள். தாயார் முயலைச் சுட்டிக்காட்டினார். அதன் பின்பே சிறுமி, "அது" என்றாள். இரவிரவாக அந்த முயலைச் செய்தவர் யாரென்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. பரிசு கிடைத்தது, பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இதைவிடத் தீங்கானது ஒன்றுண்டு. பிள்ளை யானை வரைந்து கொண்டுவருகின்றது. "இது என்ன, பன்றியா?" என்று நாம் சிரிக்கின்றோம். அடுத்த நாள், "எனக்குக் கீறத் தெரியாது" என்கிறது பிள்ளை. அச்சொல்லை ஐம்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருப்பவர் இச்சபையிலேயே எத்தனை பேர்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று எம்மவர் ஒரு பழமொழி சொல்வர். பெரியவர் வேலைக்கு அப்பழமொழி பொருந்தும். பாலர் விடயத்திலே குரங்காய் முடிந்தாலும் முடியட்டும். பிடித்த கை பிள்ளையுடையதாய் இருந்தாற் போதும். "இது என்ன?" என்று கேளாமல், "இதைப்பற்றி எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். யானையின் கதை முழுவதும் வெளிவரும். கைப்பணி அப்பொழுது மொழிப்பாடமுமாகும்.

செய்து காட்டலாம், செய்து கொடுக்கலாகாது. ஒரே மாதிரியை முப்பது பிள்ளைகளும் வெட்டி ஒட்டுவது கைப்பணியன்று, அச்சு வேலை. முடித்தபின் இடத்தைக் கூட்டிப் பெருக்கி, கத்தரிக்கோலை உரிய இடத்தில் வைப்பதும் பாடத்திலே ஒரு பகுதி. இன்னொன்று, கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பிள்ளையை அமைதியாக்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. அந்தக் கண்ணாடியிலே விரல் வழுக்குவதற்கு மட்டுமே பழகுகின்றது. மண்ணுக்குக் குளிர்ச்சியுண்டு, ஓலைக்கு வாசமுண்டு, ஈர்க்குக்கு முறியும் ஓசையுண்டு. கண்ணாடிக்கு இவை யாவும் இல்லை.

மறைக்கக்கூடாத ஓர் உண்மை

பெரியோர்களே, இனிச் சொல்லப்போவது சிறிது கசக்கலாம், பொறுத்தருளவேண்டும். பாலர் கைப்பணி எம்மிடையே வேரூன்றாமைக்குப் பரீட்சை மட்டும் காரணமன்று. கையால் வேலை செய்வது தாழ்ந்தது என்னும் எண்ணம் எம்மிடம் ஊறிக் கிடக்கின்றது. பெட்டி இழைப்பது இன்னாருடைய வேலை, பானை வனைவது இன்னாருடைய வேலை, மரம் செதுக்குவது இன்னாருடைய வேலை என்று பிரித்து வைத்தோம். அவர்கள் செய்த கடகமும் சுளகும் பானையும் இன்றி ஒருநாளும் எம் அடுக்களை நடந்ததில்லை. ஆனால் அவர்களைத் திண்ணைக்கு ஏற்றினோமா? கை வினைஞனைத் தாழ்த்திய சமுதாயத்திலே, தன் பிள்ளை கைவினை பழகுவதை எந்தத் தாய் விரும்புவாள்? வினைஞரின் பிள்ளைகளும், "இத்தொழில் எங்களோடு போகட்டும்" என்று அதனைக் கைவிடுகின்றனர். அவர்களைக் குறைகூற எமக்கு உரிமையில்லை.

கொழும்பிலே 1877-இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கைக் கிராமங்களிலே திரிந்தபோது, அங்கிருந்த கைவினைஞரின் திறத்தைக் கண்டு வியந்து, கற்களை ஆராய வந்தவர் கலைகளை ஆராய்பவராக மாறினார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908-இல் வெளிவந்தது. அழியும் கலைகளை எண்ணி அவர் அன்று வருந்தினார். நூறாண்டுக்கு மேலாகியும் அவர் வருத்தம் எம்மைத் தொடவில்லையே! ஐந்து வயதிலே தானே ஒரு பெட்டியை இழைத்துப் பார்த்து, ஓலை விரலைக் கிழிக்க, வார் கோணிப்போக, மூன்றுமுறை அவிழ்த்துக் கட்டிய பிள்ளை, பெட்டி இழைக்கும் முதியவளைக் காணும்போது இகழாது. 'இவ்வளவு நேராக எப்படி இழைக்கின்றாள்!' என்று வியக்கும். சமத்துவத்தைப் பற்றி நாம் செய்யும் நூறு பிரசங்கங்கள் செய்யாததை அந்த ஒரு பெட்டி செய்யும்.

கைப்பணி மனப்புண்ணையும் ஆற்றவல்லது. மட்டக்களப்பிலே 1996-ஆம் ஆண்டு, போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்றொரு பூங்கா அமைக்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் முசிலிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றுகூடி மண்ணிலே உருச்செய்தனர், சித்திரம் தீட்டினர், கதை புனைந்தனர், நாடகமாடினர். கண்டதையும் இழந்ததையும் வாயாற் சொல்ல இயலாத பிள்ளைகளுக்கு மண்ணும் நிறமும் மொழியாயின. போர் 2009-இல் முடிந்தது. ஆனால் அதன் நிழல், அன்று பிள்ளைகளாயிருந்து இன்று பெற்றோராகிவிட்டவர்களின் வீடுகளிலே இன்னும் விழுந்து கிடக்கின்றது. அவ்வீடுகளிலே தாயும் பிள்ளையும் ஒரு மணிநேரம் சேர்ந்து மண் பிசைந்தால், அது வீண்பொழுதன்று.

நாம் செய்யத்தக்கவை

பேசிக் கலைவது எமக்குப் புதிதன்று. ஆதலின் எமது மன்றத்தின்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, கிழமைதோறும் சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணிநேரம் இம்மண்டபத்தைப் பாலருக்குத் திறந்துவிடுவோம். களிமண், ஓலை, பழைய பத்திரிகை, பசை, கத்தரிக்கோல் பத்து, செலவு இவ்வளவே. இளைஞர் இருவர் இருவராக முறைவைத்துப் பொறுப்பேற்கலாம்.

இரண்டாவது, பழக்குவதற்கு எம்மூரிலேயே ஆசிரியர் உளர். பெட்டி இழைப்போரையும், பானை வனைவோரையும், தச்சரையும், பட்டம் கட்டுவோரையும் அழைப்போம். அழைத்தால் விருந்தினருக்குரிய அதே நாற்காலியில் இருத்தி, அதே கிண்ணத்திலே தேநீர் கொடுப்போம். இதிலே ஒரு குறையும் வைக்கலாகாது. இதனைச் செய்யமாட்டோமாயின் ஏனையவற்றைச் செய்யாமலே விடுவது நன்று.

மூன்றாவது, ஆண்டு விழாவிலே பாலர் பொருள்களைக் காட்சிக்கு வைப்போம். ஆனால் முதலாம் இரண்டாம் பரிசு வேண்டாம். கோணிய யானையும் வெடித்த சிட்டியும் செய்தவரின் பெயரோடு மேசைமேல் இருக்கட்டும்.

நான்காவது, கலைமகள் விழாவுக்கும் விளக்கீட்டுக்கும் பொங்கலுக்கும் மண்டபத்தை அலங்கரிக்கும்போது பிளாத்திக்கு மாலைகளை வாங்காமல், பிள்ளைகள் மடித்த தோரணத்தையும் பிள்ளைகள் போட்ட கோலத்தையும் கொண்டே அலங்கரிப்போம்.

மண் பிசையவோ காசு கட்டுகிறோம் என்று கேட்ட அப்பெரியவர் இன்று இச்சபையிலே இருக்கின்றார் என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கின்றோம். இளமையிலே பட்டம் கட்டுவதிலே வல்லவராய் விளங்கியவர் அவர் என்பதும் அவர் வாயாலேயே அறிந்தோம். ஐயா, முதலாவது சனிக்கிழமைக்கு உங்களையே ஆசிரியராக வரும்படி மன்றத்தின் சார்பிலே வேண்டுகின்றோம். ஈர்க்கும் கடதாசியும் நாம் கொண்டுவருவோம். முச்சை கட்டும் விதத்தைப் பிள்ளைகளுக்கு நீங்கள் காட்டவேண்டும்.